கணக்கில் வராத கேஸைத் தேடிய கதை: மீட்டர் தரவை மணிவாரியாக அலசிய அனுபவம்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஆலைகள், ஹோட்டல்கள், பேக்கரிகளின் கேஸ் மீட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டேங்கர் லாரியில் திரவமாக வரும் இயற்கை எரிவாயுவை எங்கள் நிலையத்தில் ஆவியாக்கிக் குழாயில் விடுகிறோம். விட்டது எவ்வளவு, வாடிக்கையாளர் மீட்டர்களில் ஏறியது எவ்வளவு என்று மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போகாது. குறைகிற பங்குக்குக் ‘கணக்கில் வராத கேஸ்’ என்று பெயர். எங்கோ கசிகிறது என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பேச்சு. டிடெக்டரோடு லைன் நெடுக நடந்து பார்த்த பிறகும் கணக்கு இடித்தது. சரி, மீட்டர்களையே சந்தேகப்படுவோம் என்று தரவை அலச ஒரு ஏற்பாடு செய்ய இறங்கினோம். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கேஸ் அழுத்தம் கூடினால் சுருங்கும், சூடு ஏறினால் விரியும். அதனால் மீட்டரில் ஓடிய கன மீட்டருக்கு அப்படியே பில் போட முடியாது. 15 டிகிரி செல்சியஸ், 1.01325 பார் அழுத்தம் என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். மீட்டரோடு இருக்கும் வால்யூம் கரெக்டர், அழுத்த சென்சாரையும் வெப்ப சென்சாரையும் படித்து அந்த வேலையைச் செய்கிறது. நம் ஊரில் கேஸ் 30 டிகிரியில் ஓடுகிறது என்றால் வெப்பத்துக்காக மட்டும் சுமார் 5 சதவீதம் கழியும். வெப்ப சென்சார் 3 டிகிரி தப்பாகக் காட்டினால் அளவு 1 சதவீதம் தப்பும். 4 பார் கேஜ் அழுத்தத்தில் (வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் உள்ள அழுத்தம்) ஓடும் லைனில் 0.05 பார் பிசகினாலும் அதே 1 சதவீதம். மாத மொத்தத்தில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. மணிவாரியாக விரித்துப் பார்த்தால் தெரியும்.

விரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கரெக்டர்கள் மணிக்கு ஒருமுறை சேமிக்கும் பதிவுகள் மோடம் வழியாக வந்துவிடும். ஆனால் ஒரு கம்பெனிக் கருவி அழுத்தத்தைப் பாரில் எழுதும், இன்னொன்று கிலோவில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதும். ஒன்று கேஜ் அழுத்தம், மற்றது காற்றழுத்தத்தையும் சேர்த்த அழுத்தம். இதைக் குழப்பினால் 2 பார் லைனில் மூன்றில் ஒரு பங்கு அளவே காணாமல் போகும். கடிகாரம் இன்னொரு தலைவலி. கேஸ் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை. சில கருவிகள் நள்ளிரவில் நாளை முடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் நஷ்டம், மறுநாள் லாபம் என்று எங்களைப் பாடாய்ப் படுத்திய ஏற்ற இறக்கத்தில் நல்ல பங்கு இதனால் வந்ததுதான்.

அலசலுக்குப் பைத்தானில் எழுதிய எளிய சோதனைகளே போதுமானதாக இருந்தன. கரெக்டர் கொடுத்த அழுத்தம், வெப்பம், திருத்தாத அளவு மூன்றையும் வைத்து நாங்களே ஒருமுறை கணக்குப் போட்டு, அது சொன்ன திருத்திய அளவோடு ஒப்பிட்டோம். மீட்டர் முகப்பில் ஓடிய எண்ணும் மீட்டர் ஓட ஓடக் கரெக்டருக்குப் போன பல்ஸும் (மின் துடிப்பு) சமமா என்று பார்த்தோம். பல்ஸ் தவறினால் ஓடிய கேஸ் கணக்கிலேயே ஏறாது. வெப்பமோ அழுத்தமோ இரவு பகலாக அசையாமல் ஒரே எண்ணில் நின்றால், சென்சார் செத்துக் கரெக்டர் தன்னிடமுள்ள மாற்று மதிப்பில் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். செயற்கை நுண்ணறிவு, மாடல் என்று எடுத்தவுடன் போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பள்ளியில் படித்த வாயு விதியே முக்கால்வாசித் தப்பைப் பிடித்துவிடும்.

கோணம் என்ற ஊர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே வெப்பம் காலையில் 28, பிற்பகலில் 40ஐத் தொட்டு, மாலையில் இறங்கும். கேஸ் மெதுவாக ஓடும்போது குழாய் வெயிலில் காய்ந்து அப்படிக் காட்டலாம். ஆனால் பர்னர்கள் முழு வேகத்தில் எரியும்போது மண்ணுக்கடியிலிருந்து வரும் கேஸின் வெப்பம் ஓரளவு நிலையாக நிற்க வேண்டும். இங்கே நிற்கவில்லை. ஜூன் மழை பிடித்த நாட்களில் மட்டும் கோடு நேராக இருந்தது. அதாவது சென்சார் கேஸை அளக்கவில்லை, வெயிலை அளந்துகொண்டிருந்தது.

நேரில் போய்த் திறந்து பார்த்தோம். சென்சாரைச் செருகுவதற்காகக் குழாய்க்குள் நீளும் அடி மூடிய உறையான தெர்மோவெல்லின் அடியைத் தொட வேண்டிய சென்சார் முனை, கேபிள் இழுபட்டு வாய்க்கருகே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எண்ணெய் காய்ந்து பச்சைத் துரு. சுத்தம் செய்து, எண்ணெய் ஊற்றி, முனை அடியில் முட்டுகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாண்டை இறுக்கினோம். மறுநாள் வரைபடத்தில் பிற்பகல் மேடு இல்லை.

ஆலை முதலாளிக்குக் கோபம் வந்தது நியாயம்தான். “தம்பி, மீட்டரு சரின்னு சீல் வச்சது நீங்கதானே? இப்ப வந்து கொறச்சுக் காட்டிச்சுன்னா எப்படி?” என்றார். வரைபடத்தை லேப்டாப்பில் திறந்து, வெயில் நாளையும் மழை நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “சரி, எந்த நாள்ல இருந்து மேல ஏறுதுன்னு காட்டுங்க” என்றார். ஒப்பந்தத்தில் உள்ளபடி அந்தத் தேதியிலிருந்து கணக்கைச் சரி செய்தோம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பேக்கரியில் இதற்கு நேர்மாறு. அழுத்த சென்சார் கூட்டிக் காட்டியிருந்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆலைக்காரரிடம் கேட்கும் உரிமை, பேக்கரிக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் நமக்கு உண்டு.

அடுத்து, பயன்பாடு திடீரென்று விழுந்தால் எச்சரிக்கும் சோதனையைச் சேர்த்தோம். அது ஊரைப் புரிந்துகொள்ளாமல் கூச்சல் போட்டது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆலைகள் அடைத்தால், மீட்டர் பழுது என்றது. மீன் பதப்படுத்தும் இடங்கள் இன்னும் சிக்கல். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்தத் துறைமுகத்து மீன் எந்த ஆலைக்குப் போகிறது என்று கேட்டறிந்து, ஒவ்வொரு மீட்டருக்கும் தனி நாட்காட்டி கொடுத்த பிறகுதான் எச்சரிக்கைகள் நம்பும்படி ஆயின. எல்லா மீட்டருக்கும் ஒரே வரம்பு வைக்காமல், அந்தந்த மீட்டரின் பழைய போக்கோடு ஒப்பிடச் சொன்னதும் உதவியது.

ஒன்றை மட்டும் நிரல் தொடாது: பில் போடும் எண். அது சீல் வைத்த கரெக்டரிலிருந்துதான் வர வேண்டும். நிரல் ஆளை அனுப்பும், ஆள் ஸ்பேனரோடு போய்ப் பார்ப்பார்.

இப்போது கணக்கில் வராத பங்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. மிச்சம் வாடிக்கையாளர் பக்கம் இல்லை, வரவுப் பக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது. டேங்கரில் வருவதை எடைப்பாலத்தில் கிலோவில் வாங்குகிறோம், குழாயில் கன மீட்டரில் விடுகிறோம். நடுவே தொட்டியில் தானாக ஆவியாகும் கேஸும், லோடுக்கு லோடு மாறும் அடர்த்தியும் இருக்கின்றன. எடைச் சீட்டுகளையும் தொட்டி மட்டத்தையும் ஒரே அட்டவணையில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.