பனி உச்சரித்த பெயர்: துருக்கிய நாட்டார் கவிதையில் பிரிவு

துருக்கிய நாட்டார் கவிதையைப் பொருள் நோக்கில் நான்காகப் பிரித்துக் காட்டுவது வழக்கம். அழகையும் காதலையும் பாடுவது குசெல்லெமே. வீரம் பாடுவது கோச்சக்லாமா. குறைகளைக் குத்திக்காட்டுவது தாஷ்லாமா. இறந்தவருக்காக அழுவது ஆயித். பாடம் நடத்த வசதியான பகுப்புதான். ஆனால், சாஸ் என்னும் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவியோடு பாடப்பட்ட ஒலிப்பதிவுகளையும் மொழிபெயர்ப்புகளையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் எனக்கு, இந்த நான்குக்கும் அடியில் ஒரே ஒரு சொல் ஓடுவதாகத் தோன்றுகிறது. அது குர்பெத். சொந்த மண்ணைப் பிரிந்திருக்கும் நிலை, பிரிந்து சென்ற அயலிடம், அங்கே நெஞ்சில் படியும் துயரம் ஆகிய மூன்றையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது. அதன் எதிர்ச்சொல் சிலா. திரும்பிச் சேர வேண்டிய ஊரும் உறவும் அதில் அடங்கும்.

இப்பாடல்களைப் பாடிய பாணர்களுக்கு ஆஷிக் என்று பெயர். காதல் கொண்டவர் என்பதே அதன் பொருள். அரண்மனை சார்ந்த திவான் கவிஞர்கள் அரபு, பாரசீக மரபின் குறில்நெடில் அளவைக் கையாண்டபோது, ஆஷிக்குகள் அடிக்கு இத்தனை ஒலி என உயிரொலிகளை மட்டும் எண்ணிப் பாடினார்கள். கோஷ்மா என்னும் பாவகைக்கு அடிக்கு 11, செமாய் என்னும் பாவகைக்கு 8. ஆசிரியர் பெயரற்ற நாட்டுப்பாட்டான மானிக்கு 7. அதன் நான்கு அடிகளில் முதலிரண்டும் பெரும்பாலும் இயைபுக்கு இடம் பிடித்து வைப்பவை, சொல்லவந்தது பின்னிரண்டில்தான் வரும். ஆஷிக்குகளின் போட்டிகளில் உதடுகளுக்கிடையே ஊசியை நிறுத்திக்கொண்டு, ப, ம போன்ற இதழொலிகள் இன்றிப் பாடும் ஒரு வகையும் உண்டு. நம் நிரோட்டகத்தை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது; ஊசிதான் கூடுதல்.

பிரிவைப் பாடியவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் 17ஆம் நூற்றாண்டின் கராஜாவோலான். டாரஸ் மலைப்பகுதியில் கோடையில் மேட்டு மேய்ச்சல் நிலத்துக்கும் குளிரில் சமவெளிக்குமாகப் பெயர்ந்துகொண்டிருந்த துர்க்மென் இடையர்களின் உலகம் அவருடையது. அந்த வாழ்க்கையில் கூடாரம் பிரிக்கப்படும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் யாரையோ பிரிந்தாக வேண்டும். அவருடைய புகழ்பெற்ற செமாய் ஒன்றில் பொடிப்பொடியாய்ப் பனி பெய்கிறது. காற்றில் பறக்கும் அந்தப் பனித்தூள் ‘எலிஃப், எலிஃப்’ என்கிறது. எலிஃப் ஒரு பெண்ணின் பெயர். அரபு நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் அதுவே, நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கோடு. மெலிந்து நெடிய உருவம் ஒன்றை எழுத்தாகவும் பெயராகவும் பனியின் ஒலியாகவும் ஒரே நேரத்தில் காட்டிவிடும் அந்தக் கவிதையில், அவள் அருகில் இல்லை என்று எங்குமே சொல்லப்படுவதில்லை. அருகில் இருந்தால் பனி எதற்கு அவள் பெயரைச் சொல்கிறது?

வீரப்பாடல்களிலும் இதே கதைதான். 1865இல் உஸ்மானிய அரசு ஒரு படைப்பிரிவை அனுப்பி, நாடோடிக் குடிகளைச் சுக்குரோவாச் சமவெளியில் கட்டாயமாகக் குடியமர்த்தத் தொடங்கியது. கோடையிலும் மலையேற முடியாமல் வெக்கையிலும் மலேரியாவிலும் பலர் மடிந்தார்கள். ஆணை பாதுஷாவுடையது, மலைகளோ எங்களுடையவை என்று அவ்ஷார் குடியின் தாதாலோலு பாடியதை முழக்கமாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அது மலையிடமிருந்து பிரிக்கப்பட்டவனின் புலம்பலாகவும் கேட்கிறது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூனுஸ் எம்ரேயிடம் குர்பெத் உள்நோக்கித் திரும்புகிறது; அங்கே இறைவனைப் பிரிந்த உயிரே அயலூரில் திரியும் ஏழை. என் வாதத்துக்குள் அடங்காதவர் 16ஆம் நூற்றாண்டின் பீர் சுல்தான் அப்தால். சிவாஸில் அவரைத் தூக்கிலிடக் கொண்டுசெல்லும்போது எல்லாரும் கல்லெறிய, நண்பர் மட்டும் ரோஜாவை எறிந்ததாகவும், கற்கள் தராத வலியை அந்தப் பூ தந்ததாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கே பிரிவைவிட நம்பிக்கைத் துரோகமே பெரிதாக நிற்கிறது.

அதே சிவாஸ் மாகாணத்தின் சிவ்ரியாலான் சிற்றூரில் 1894இல் பிறந்து 1973இல் மறைந்த ஆஷிக் வெய்செல், ஏழு வயதில் பெரியம்மையால் பார்வையை இழந்தவர். 1931இல் நடந்த ஆஷிக்குகள் விழாவே அவரை வெளியுலகுக்குக் காட்டியது. நீண்டு ஒடுங்கிய வழியொன்றில் இரவும் பகலும் நடப்பதாக அவர் பாடுகிறார். உலகம் அவருக்கு இரண்டு வாசல் கொண்ட சத்திரம். எளிய சொற்கள், பழகிய உவமை. ஆனால் அந்தக் குரலில் கேட்கும்போது எனக்குப் பழசாகத் தோன்றியதில்லை.

இந்தப் பாடல்களில் தூது போவது துர்னா என்னும் கொக்கினப் பறவை. வலசை செல்லும் அதனிடம் ஊர்ச் செய்தி கேட்பதும், சொல்லி அனுப்புவதும் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தன. 1961இல் மேற்கு ஜெர்மனியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் இரயிலேறியபோது, அவர்களுக்கும் அந்தப் பழஞ்சொல்லிலிருந்தே குர்பெத்சி என்று பெயர் கிடைத்தது. அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் விடுமுறைக்குத் துருக்கி வந்தால், ஊரார் அவர்களை அல்மான்ஜி, ஜெர்மன்காரர், என்றழைக்கிறார்கள்.