காலிக் குப்பி என்றால் காலியாக இருக்கணும்

மணலிப் பக்கம் ஒரு தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். எங்களைப் போன்ற இடங்களில் அதிகமாகக் குப்பைக்குப் போகும் கண்ணாடி பீக்கரோ குடுவையோ இல்லை, கரைசலில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் வைக்கும் இரண்டு மில்லி குப்பிதான். ஊசி உள்ளே போய்ச் சில மைக்ரோலிட்டர் உறிஞ்சியதும் அதன் வேலை முடிந்தது. ஊற்றிய கரைசலில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். மூடியைக்கூடத் திறக்காமல் அப்படியே குப்பைக்கூடையில் தட்டிவிடும் பழக்கம் பல லேப்களில் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏனென்றால் வடசென்னையில் கூடையில் போட்டது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும், கொடுங்கையூர். அங்கே கையுறை இல்லாமல் கிளறிப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் அசிட்டோநைட்ரைல் கலந்த கரைசல், உடம்புக்குள் போனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சயனைடாக மாறும் சரக்கு அது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் என்றால் சுமார் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம்ம ஊர் மே மாத வெயிலில் மூடிய குப்பிக்குள் அது ஆவியாகி எப்படி அழுத்தும் என்று வேதியியல் படித்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

செய்யவேண்டியது பெரிய வேலையும் இல்லை. மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கழிவுக் கேனில் கொட்டி, பொருத்தமான கரைப்பான் கொஞ்சம் விட்டு மூன்று தடவை அலசி, அந்த அலசலையும் அதே கேனில் ஊற்றணும், சிங்க்கில் இல்லை. குளோரின் உள்ள கரைப்பான்களுக்குத் தனிக் கேன், ஏனென்றால் அவற்றை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அதைப் பிடிக்க வசதியுள்ள உலையில்தான் எரிக்க முடியும். ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃபியூம்ஹூடில் திறந்து வைத்தால் தானாகப் பறந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். பறந்து எங்கே போகும்? மணலிக் காற்றுக்கு நாம் வேறு பங்கு போடவேண்டுமா?

சரி, அலசியாச்சு, இனி இது கண்ணாடிதானே, காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று தோன்றும். கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒரு குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இத்த சேத்தா பாட்டில் கம்பெனிக்காரன் லோடையே திருப்பிடுவான் சார்” என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. சோடா பாட்டில் வேறு கண்ணாடி. நம்முடைய குப்பி போரோசிலிகேட், சிலிக்காவோடு போரான் ஆக்சைடு சேர்ந்தது, உருக இன்னும் அதிகச் சூடு வேண்டும். பாட்டில் உலையில் இது கலந்தால் முழுசாக உருகாமல் கட்டியாக நிற்கும், சூட்டில் விரிவதும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் புது பாட்டிலில் அந்த இடத்திலேயே விரிசல் விடும். அதனால் லேப் கண்ணாடியை மறுசுழற்சி செய்ய வேண்டுமென்றால் தனியாகச் சேர்த்து, அதை எடுக்கச் சம்மதிக்கிற ஆளிடம் இது போரோசிலிகேட் என்று சொல்லியே கொடுக்கணும்.

கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா என்றால், சேர்மம் தயாரிக்கும் சிந்தசிஸ் ஆட்கள் சாம்பிள் போட்டு வைக்கும் 20 மில்லி குப்பியைத் தாராளமாகக் கழுவலாம், ஓவனில் காயவைத்து எத்தனையோ தடவை ஓட்டலாம். நுண்ணளவுப் பகுப்பாய்வுக்குப் போகும் சின்னக் குப்பியில் நான் அதைச் செய்யமாட்டேன், முந்தைய மாதிரியின் மிச்சம் சுவரில் ஒட்டியிருந்தால் ரிசல்ட்டே பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாகக் கருவியில் தேவையில்லாமல் மாதிரி செலுத்துவதைக் குறைக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஒரே ஸ்டாண்டர்டு கரைசலுக்கு நாலு குப்பி நிரப்பாமல் ஒன்றிலிருந்தே திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

அலசியும் சுத்தமாகாதவை, என்ன இருந்தது என்றே தெரியாத பழைய குப்பிகள், இவை அபாயக் கழிவுதான். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் ரசாயனம் ஒட்டிய காலிக் கலன்களும் இருக்கின்றன, பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நம் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இதற்கென்றே தனிக் கிடங்கு இருக்கிறது, தூரம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

உடைந்ததை மட்டும் தடித்த அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டுங்கள், மேலே “உடைந்த கண்ணாடி” என்று தமிழில் பெரிசாக எழுதி, படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு படமும் வரையுங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஸ்டிக்கர் ஆடிட்டருக்கு உதவும், பெட்டியைத் தூக்குகிற அக்காவுக்கு உதவாது.

எனக்குக் கவலை கல்லூரி லேப்கள் பற்றித்தான். கம்பெனிக்கு அனுமதி, ரெக்கார்டு, கழிவு எடுக்க வண்டி எல்லாம் இருக்கும். கல்லூரியில் சேர்வது ஒரு சாக்கு அளவுதான், அதற்காக யார் வண்டி அனுப்புவார்கள்? வடசென்னையில் இருக்கிற நாலைந்து கல்லூரிகள் பேசிவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முறைப்படி கேட்டு, ஒரே நாளில் ஒரு வண்டி எல்லோரிடமும் எடுத்துப்போக ஏற்பாடு செய்யலாமே. தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வேதியியல் சொல்லித்தருகிற யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பம் தயாரிக்க நான் கூட உட்காருகிறேன்.