ஒப்பமிட்ட பின் ஒரு திருத்தம்

டிஜிட்டல் கையொப்பம் விழுந்துவிட்டால் அந்த பிடிஎஃப் கோப்பில் இனி யாரும் கை வைக்க முடியாது என்றே பலரும் நம்புகிறார்கள். கை வைக்கலாம், வைத்தால் தெரிந்துவிடும், அவ்வளவுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 3ஏ பிரிவு கேட்பதும் அதைத்தான்: ஒப்பமிட்ட பின் தகவலில் செய்யப்படும் எந்த மாற்றமும் கண்டறியத்தக்கதாக இருக்க வேண்டும்.

கோப்புக்குள் இது நடக்கும் விதம் எளிமையானது. கையொப்பத்துடன் நான்கு எண்கள் பதிவாகின்றன. அவை 0, 84000, 104000, 12000 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலிருந்து 84000 பைட்டுகளும், கையொப்பத்துக்கென ஒதுக்கிய இடத்தைத் தாண்டி 104000-இலிருந்து 12000 பைட்டுகளும் ஒப்பத்துக்கு உட்பட்டவை என்பது அவற்றின் பொருள். ஆக, ஒப்பமிட்ட நேரத்தில் கோப்பு 116000 பைட்டில் முடிந்திருக்கிறது. இன்று உங்கள் கையில் இருப்பது 131000 பைட்டு என்றால், மிச்சமுள்ள 15000 பைட்டும் பிறகு வந்து ஒட்டியவை. பழையதைத் தொடாமல் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் இந்த வசதி இல்லாவிட்டால், இரண்டாமவர் ஒப்பமிடும்போதே முதலாமவரின் ஒப்பம் முறிந்துவிடும்.

அண்மையில் என் மேசைக்கு வந்த சேவை ஒப்பந்தம் ஒன்றில், இரு தரப்பும் ஒப்பமிட்ட பின்னர், காலியாக விடப்பட்டிருந்த வங்கிக் கணக்கு எண்ணை யாரோ கமெண்ட் கருவியால் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். கையொப்பம் செல்லும், ஆனால் அதன் பிறகு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என்று மென்பொருள் காட்டியது. கையொப்பத்தின் மேல் வலது சொடுக்கிட்டு, ஒப்பமிட்டபோது இருந்த பதிப்பைத் திறந்தால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எண் சரியானதுதான், அனுப்பியவரிடம் சூதும் இல்லை. ஆயினும் பணம் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு மட்டும் எவருடைய ஒப்பமும் கிடையாது.

சூது உள்ளவர்களும் இதே வழியில் நுழைய முடியும். 2019-இல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் இயங்கும் 22 பிடிஎஃப் மென்பொருள்களைச் சோதித்தபோது, அவற்றில் 21 ஏதோ ஒரு விதத்தில் ஏமாந்தன. கடைசியில் சேர்த்த பகுதியைத் திரையில் காட்டிவிட்டு, கையொப்பம் பழுதற்றது என்றும் அவற்றில் சில சொல்லின. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்டது இன்னும் தந்திரமானது: ஒப்பத்துக்கு அனுப்பும் முன்பே வேறொரு உள்ளடக்கத்தைக் கோப்புக்குள் மறைத்து வைத்து, ஒப்பம் கிடைத்ததும் அதை மேலே கொண்டுவருவது. நிறுவனங்கள் பின்னர் திருத்தங்களை வெளியிட்டன. பழைய பதிப்பையே இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் அலுவலகங்களுக்கு அவற்றால் என்ன பயன்?

நம் ஊர் அலுவலகங்களில் அன்றாடம் நடக்கும் சேதம் வேறு வகை. இணையதளம் இத்தனை எம்பிக்கு மேல் ஏற்காது என்று ஒப்பமிட்ட கோப்பைச் சுருக்குவார்கள். இணைப்புகளோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குவார்கள். அல்லது அச்சிட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஒப்பமிட்டவரின் பெயரும் தேதியும் உள்ள அந்தக் கட்டம் அப்படியே பக்கத்தில் தெரியும். ஆனால் அது வெறும் படம்; சரிபார்க்க உள்ளே ஒன்றும் இருக்காது. சுருக்குவதையும் சேர்ப்பதையும் ஒப்பமிடும் சாவி உள்ள யுஎஸ்பி டோக்கனைச் செருகும் முன்பே முடித்துக்கொள்வதில் என்ன சிரமம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆவணத்தைத் தயாரிப்பவர் நினைத்தால், முதல் ஒப்பத்தைச் சான்றளிக்கும் ஒப்பமாக இட்டு, அதன் பின் எந்த மாற்றமும் கூடாது என்றோ, படிவம் நிரப்பவும் மேலும் ஒப்பமிடவும் மட்டும் அனுமதி என்றோ, குறிப்புகளும் எழுதலாம் என்றோ வரையறுக்க முடியும். ஒப்பந்தங்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. மேற்சொன்ன ஒப்பந்தத்துக்கு, கணக்கு எண்ணையும் அது எந்தத் தேதியிட்ட ஒப்பந்தத்தின் எந்த விதிக்கு உரியது என்பதையும் எழுதி, ஒரு பக்கத்தில் துணை ஒப்பந்தம் தயாரித்து இரு தரப்புக்கும் அனுப்பினோம். மறுநாளே ஒப்பமாகி வந்துவிட்டது.