விழுந்திட்டுதோ?

ஆவணி 4
விடிய மூண்டு மணிக்கு இடப்பக்க விலாவிலை தொடங்கி அடிவயித்தாலை கவட்டுக்குள்ளை இறங்கினது. இருந்தாலும் நோ, படுத்தாலும் நோ. முத்தத்திலை குனிஞ்சபடி நடந்து திரிஞ்சன். சத்தி வேறை. வாயுவெண்டு இவர் உள்ளி தட்டினார். சலம் சாயத்தண்ணி நிறத்திலை போனாப்பிறகுதான் ஓட்டோவுக்கு அடிச்சவர்.

ஆவணி 5
எக்ஸ்றேயிலை வெள்ளையாய் ரண்டு புள்ளி. "ரண்டு கல்லோ?" எண்டார் பெடியன் டொக்டர். மற்றது சுதந்திரபுரத்துச் செல்லடியிலை ஏறின பீஸ் எண்டன். 2009 எண்டு துண்டிலை எழுதினார். வேறையொண்டும் கேக்கேல்லை. நல்லது.

ஆவணி 6
சலக்குழாய்க் கல்லு 5 மில்லிமீற்றர். தானாய் விழுமாம். இரவிலை டாம்சுலோசின் குளிசை, குழாயைத் தளர்த்துமாம். எழும்பத் தலை சுத்துது. சலத்தை வடிச்சுப் பாக்கட்டாம். குசினியிலை இருந்த வடியை இவர் எடுத்துத் தந்தார். புதுசு வாங்கினாரோ தெரியாது, தேத்தண்ணி குடிக்கப் பயமாய்க் கிடக்கு.

ஆவணி 7
கேத்திலுக்குள்ளை எவ்வளவு சுண்ணாம்பு!

ஆவணி 9
கேத்திலைச் சுரண்டிச் சுரண்டிப் பாக்கிறன். இதுதானே எனக்குள்ளையும் படிஞ்சிருக்கும்? டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. கிணத்தைக் குறை சொல்லாதேங்கோ, குடிக்கிறது காணாது எண்டார். நாளுக்கு ரண்டரை லீற்றர் சலம் போகோணுமாம். பாலைக் குறைக்கத் தேவையில்லை, உப்பைத்தான். அப்ப கருவாடு போச்சு. பள்ளிக்கூடத்து ரொயிலற் கதவுக்குக் கொளுக்கி இல்லை, ரண்டு மணி மட்டும் நாங்கள் ரீச்சர்மார் ஒருத்தரும் வாய் நனைக்கிறேல்லை. அதை ஆரிட்டைச் சொல்லுறது? எண்டாலும் மிசினிலை சுத்திகரிச்ச ஆர்.ஓ. தண்ணிக்குக் கான் குடுத்துவிட்டிட்டன்.

ஆவணி 10
மாமி தேங்காய்ப்பூக்கீரை அவிச்சுத் தந்தா. பக்கத்து வீட்டு அக்கா நெருஞ்சிமுள்ளு. இவர் வாழைத்தண்டு. நான் குடிக்கிறதை நிண்டு பாக்க எல்லாரும் வருகினம். வடியைப் பாக்க ஒருத்தரும் இல்லை.

ஆவணி 12
திரும்ப எக்ஸ்றே. கல்லு சலப்பைக்குக் கிட்ட வந்திட்டுது. பீஸ் இருந்த இடத்திலைதான், இடுப்பெலும்போடை. அது மாரிக்குளிருக்கு மட்டும்தான் நோகும்.

ஆவணி 13
ஒண்டுமில்லை.

ஆவணி 14
காய்ச்சல் காய்ஞ்சால் உடனை வரச் சொன்னவை. மணிக்கொருக்கா நெத்தியைத் தொட்டுப் பாக்கிறன். இவர் சிறுபோக நெல்லுக்கு வெட்டுமிசின் தேடி அலையிறார். வயலிலை நிண்டு போனிலை "விழுந்திட்டுதோ? விழுந்திட்டுதோ?" எண்டு கத்துறார். பக்கத்திலை நிக்கிற சனம் என்ன நினைக்கும்!

ஆவணி 16
வவுனியாவிலை ஸ்கேன். பஸ் முறிகண்டியிலை நிக்கும், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். அவிச்ச கச்சானுக்கு உப்புப் போட்டிருப்பினம், வேண்டாம். வடியைக் கைப்பைக்குள்ளை வைக்கிறதோ எண்டு யோசிக்கிறன், ஓட்டோ வந்து ஹோன் அடிக்குது