விற்க மறுப்பதும் தடை செய்வதும் ஒன்றல்ல

2010 நவம்பரில், குழந்தைகள்மீது பாலியல் நாட்டம் கொண்டோருக்கு வழிகாட்டும் மின்னூல் ஒன்றை முதலில் கருத்துரிமையின் பெயரால் ஆதரித்த அமேசான், வாசகர்களின் புறக்கணிப்பு அறைகூவலுக்குப் பிறகே அதை நீக்கியது. ஒரு கடை ஒரு நூலை விற்க மறுப்பது அரசு விதிக்கும் தடை ஆகாது என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால், குழந்தையை ஏமாற்றும் வழியைக் கற்பிக்கும் நூலும், சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பல்லாண்டு மௌனத்துக்குப் பின் ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பும் ஒரே சொற்களைக் கொண்டிருக்கக்கூடும். சொற்களை மட்டும் தேடும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். 2009 ஏப்ரலில் அதே தளத்தில் நேர்ந்த பட்டியல் பிழை 57,310 நூல்களைப் பாதித்தது; தன்பாலீர்ப்பு குறித்த நூல்கள் பல விற்பனைத் தரவரிசையை இழந்தன. புகாருக்குள்ளான நூலை மனிதர் ஒருவர் முழுமையாகப் படித்த பின்னரே முடிவெடுத்து, அதன் காரணத்தை எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டும்.