ஹான்லே போகணும்னா முதல்ல லேல சும்மா படுங்க

நான் வாணியம்பாடிக்காரி. சின்ன வயசுல சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஜவ்வாது மலைல இருக்கிற காவலூருக்குக் கூட்டிட்டுப் போய் டெலஸ்கோப்ல வானத்தைக் காட்டுவாரு, அந்த ஆசைதான் நாப்பத்தாறு வயசுல என்னை லடாக் வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. காவலூரை நடத்துற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்ல இருக்கிற ஹான்லே ஆய்வுக்கூடத்தையும் நடத்துது. ஆனா காவலூர் சுமார் 725 மீட்டர், ஹான்லே மலை 4500 மீட்டர். இந்த வித்தியாசம் உடம்புக்குள்ள என்ன பண்ணும்னு போனப்புறம்தான் புரிஞ்சுது.

கூட வந்தது அண்ணன் பொண்ணு, பிஸிக்ஸ் படிக்கிறா. முதல்ல பேசுன டிராவல்ஸ்காரர் லேல இறங்கின மறுநாளே ஹான்லேன்னு பிளான் போட்டுக் குடுத்தாரு, நாங்களும் சரின்னுட்டோம். தப்பு. லேவே 3500 மீட்டர், டெல்லில இருந்து ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரத்துல அங்க கொண்டு போய் இறக்கிடறாங்க, ஆக்ஸிஜன் கம்மியான காத்துக்கு உடம்பு பழகறதுக்கு நேரமே இல்ல. அன்னைக்கு ராத்திரி பொண்ணுக்கு மண்டை வெடிக்கிற தலைவலி, ரெண்டு தடவை வாந்தி, ஆக்ஸிமீட்டர்ல 81. நான் பயந்தே போயிட்டேன். ஆஸ்பத்திரில கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் வெச்சாங்க, மூணு நாள் எங்கயும் நகரக்கூடாது, அதுலயும் சரியாகலேன்னா கீழ இறங்கிடணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. உயரத்துக்கு உடம்பு பழகறதுக்கான டயமாக்ஸ் மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி சல்ஃபா அலர்ஜி இருக்கான்னு கேட்டாரு, அதனால தயவு செஞ்சு அந்த மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க. போட்டா விரல் நுனில எறும்பு ஓடற மாதிரி குறுகுறுன்னு இருக்கும், அடிக்கடி பாத்ரூம் போகணும்.

அந்த மூணு நாள்ல உருப்படியா ஹான்லே போறதுக்கான பர்மிட் வேலைய முடிச்சோம். ஆதார் ஜெராக்ஸ், பர்மிட் பிரிண்ட் ரெண்டும் நாலஞ்சு காப்பி எடுத்துக்குங்க, செக்போஸ்ட்ல வாங்கி வெச்சுக்கறாங்க. நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேணும்.

நாலாம் நாள் காலைல கிளம்பினோம். உப்ஷி, சுமதாங், மாஹே பாலம், லோமா, சிந்து நதி ரொம்ப தூரம் கூடவே வருது. 250 கிலோமீட்டருக்கு மேல, பகல் முழுக்க ஓடிடுச்சு. பையில இருந்த சிப்ஸ் பாக்கெட் தலகாணி மாதிரி உப்பிப் போச்சு, வெளிய காத்தழுத்தம் குறையுதுல்ல.

மறுநாள் பகல்ல ஆய்வுக்கூடம் போனோம், ராத்திரில பொதுமக்கள உள்ள விடமாட்டாங்க. டோம் வரைக்கும் இருக்கிற கொஞ்சம் படில நான் மூணு தடவை நின்னேன். உள்ள 2 மீட்டர் கண்ணாடி வெச்ச ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப், நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேர்ல வெச்சது, 2000-ல முதல் முதலா வானத்தைப் பாத்துச்சு. ராத்திரில இத இயக்கறது பெங்களூர் பக்கத்துல ஹொஸ்கோட்டேல இருந்து, சேட்டிலைட் வழியா. ஏன் இவ்ளோ தூரம் வந்து கட்டினாங்கன்னு பொண்ணு கேட்டா, அங்க இருந்தவர் பொறுமையா சொன்னாரு: மழை மேகத்த இமயமலையே தடுத்துடுது, காத்துல ஈரம் ரொம்பக் கம்மி, அந்த ஈரம்தான் அகச்சிவப்பு ஒளிய விழுங்கும். அந்த ஈரமில்லாத காத்துலதான் என் உதடு வெடிச்சு மூக்குல ரத்தம் வந்துச்சு, வாசலின் மறக்காம கொண்டு போங்க.

ஆனா அங்க வானம் அவ்ளோ நல்லா தெரியறதுக்கு மலை மட்டும் காரணம் இல்லங்க. 2022-ல அந்தப் பகுதி 1,073 சதுர கிலோமீட்டர டார்க் ஸ்கை ரிசர்வ்னு, அதாவது ராத்திரி விளக்கு வெளிச்சத்த அடக்கி வானத்த இருட்டா காப்பாத்தற பகுதின்னு அறிவிச்சாங்க. நாங்க தங்கின ஹோம்ஸ்டேல ஆமாலே (அம்மாவ அங்க அப்படித்தான் மரியாதையா கூப்பிடுவாங்க) சாயங்காலமே கனமான திரைய இழுத்து ஜன்னல மூடிட்டு, என் டார்ச்ச கேட்டு வாங்கி அதுல செகப்பு பேப்பர் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு கைல குடுத்தாங்க. ஊரே இப்படி விளக்க அடக்கி வெச்சுக்கிறதாலதான் அந்த வானம் அப்படியே இருக்கு. அங்க போய் யாரும் ஹெட்லைட்ட ஹை பீம்ல போட்டு ஓட்டாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

அமாவாசைக்கு முந்தின நாள், செப்டம்பர் கடைசி. ரெண்டு ஸ்வெட்டர், மேல ஒரு போர்வை. ஆமாலே மகன் டெலஸ்கோப் வெச்சு ஆண்ட்ரோமெடா கேலக்ஸிய காட்டினான், அப்புறம் வெறும் கண்ணாலயே காட்டினான். பதினொரு மணி வாக்குல கிழக்கால கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நல்லா மேல வந்துடுச்சு. அப்பா எனக்கு ஆறு எண்ணித்தான் காட்டியிருக்காரு. நான் எட்டு எண்ணினேன். "அத்தை, ஒன்பது இருக்கு, ஓரத்துல பாருங்க"ன்னா பொண்ணு. திருப்பி முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சோம்.