மஞ்சள் நட்சத்திரத்தைத் துவைக்காதீர்கள்

1941 செப்டம்பரில் ஜெர்மனியின் யூதர்கள் உடையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று நாஜிகள் கட்டாயமாக்கிய மஞ்சள் நட்சத்திரம், தப்பிப் பிழைத்தவர்களின் சில வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்ததும் துவைத்து இஸ்திரி போடக் கை பரபரக்கும். கூடவே கூடாது. சாயம் கரையும், கறுப்பு அச்சு மங்கும். பின்பக்கம் தொங்கும் நூலையும் வெட்டாதீர்கள். அது ஒரு கோட்டில் தைத்திருந்ததா, பிரித்து வேறொன்றில் மாற்றித் தைத்தார்களா என்பதற்கு அந்த நூலும் ஊசித்துளைகளும்தான் சாட்சி.

அமிலமற்ற தாளில், மடிக்காமல் தட்டையாக வையுங்கள். சட்டம் போட்டு ஹாலில் மாட்டினால் வெளிச்சம் சாயத்தைத் தின்றுவிடும். அருங்காட்சியகங்களில் பழந்துணிக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளிதான்.

நட்சத்திரத்தோடு இருக்கும் அக்காலக் கடிதங்களுக்கு லேமினேஷனும் செலோடேப்பும் எமன்! டேப்பின் பசை பழுத்துத் தாளுக்குள் ஊறிவிடும். விவரத்தை உறைமேல் பென்சிலால் எழுதிவிட்டுக் கடிதத்தை உள்ளே வையுங்கள்.

கொடுக்க மனமிருந்தால், ஜெருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெம் 2011 முதல் வீடுகளிலிருந்தே இவற்றைத் திரட்டுகிறது.